காசில் ஏறாத மச்சம்

நாணயச் சாலையில் எந்தப் புத்தகத்திலும் எழுதி வைக்காத ஒரு விதி இருந்தது. காசில் வரும் முகத்துக்கு மச்சம் கூடாது. மரு கூடாது, அம்மைத் தழும்பு கூடாது, வெட்டுக்காயத்தின் வடுவும் கூடாது. நாட்டையே கட்டி ஆண்டவராகட்டும், பெரிய விஞ்ஞானியாகட்டும், காசில் ஏறிவிட்டால் எல்லாருக்கும் பச்சைக் குழந்தையின் கன்னம்தான். கேட்டால் காரணமும் வைத்திருப்பார்கள். எஃகு அச்சில் துளியூண்டு துரு பிடித்தால் அங்கே ஒரு குழி விழும். அந்த அச்சால் காசை அடித்தால் குழி இருந்த இடத்தில் காசில் ஒரு புள்ளி எழும்பி நிற்கும். மச்சமும் அப்படித்தான் எழும்பி நிற்கும். எது முகத்தோடு பிறந்தது, எது துருவோடு வந்தது என்று யார் உட்கார்ந்து பிரித்துப் பார்ப்பது?

நம் செதுக்குநர் இதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டார். வேலைக்குச் சேர்ந்த புதிது. ஒரு பழைய தளபதியின் தலையைச் செதுக்கும் வேலை கைக்கு வந்தது. தளபதிக்குத் தாடையில் பெரிய மரு. இவர் ஒற்றைக் கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு, மூச்சை அடக்கி, அந்த மருவைத் தத்ரூபமாக அச்சில் இறக்கிவிட்டார். பெருமை தாங்கவில்லை. காசு வெளியே போனதும்தான் கூத்து. கடைக்காரர்கள் கள்ளக்காசு என்று கையில் வாங்க மறுத்தார்கள். போன காசெல்லாம் மூட்டை மூட்டையாகத் திரும்பி வந்து உலையில் விழுந்தது. அப்போதிருந்த தலைமைச் செதுக்குநர் எல்லார் முன்னாலும் இவரைக் கூப்பிட்டு, “ஏம்ப்பா, மருவுக்குமா ராணுவ மரியாதை?” என்று கேட்டார். கூடமே விழுந்து விழுந்து சிரித்தது. இவருக்கு மட்டும் பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் போல இருந்தது.

அதற்குப் பிறகு அவர் கை யாருக்கும் மச்சம் வைத்ததில்லை. முதலில் யோசித்து யோசித்து அதைத் தவிர்த்தார். போகப் போக யோசிக்காமலே விட்டுப்போனது. மாதிரிக்கு வரும் புகைப்படத்தில் மச்சம் இருக்கிறதா என்று கேட்டால்கூட, “இருந்துச்சா?” என்று திருப்பிக் கேட்பார். பொய் சொல்லவில்லை பாவம், நிஜமாகவே கண்ணில் படாது. அப்படியே படிப்படியாக ஏறி, ஒருநாள் அவரே தலைமைச் செதுக்குநர் ஆனார். கூடத்தில் அவருக்குப் ‘பூதக்கண்ணாடி’ என்று பட்டப்பெயர். ஊரில் அத்தனை பேர் சட்டைப்பையிலும் அவர் கைவேலை கிடந்தது. ஒருத்தருக்கும் அவரைத் தெரியாது. அதில் அவருக்கு வருத்தமும் இல்லை.

அவர் மனைவி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். வலது கன்னத்தில், மூக்குக்குப் பக்கத்தில், மிளகு தண்டிக்கு ஒரு கறுப்பு மச்சம். கல்யாணமான புதிதில் ஒருநாள் அவள் விளையாட்டாகக் கேட்டாள்.

“ஊர்ல இருக்கிறவங்க மூஞ்சியெல்லாம் செதுக்குறீங்க. என்னைச் செதுக்குவீங்களா?”

“உன்னையா? அந்த மச்சத்துக்கே அச்சு பிஞ்சு போயிடுமே!”

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். அவளும் சிரித்தாள், ஆனால் அன்று முழுக்க அவரோடு பேசவில்லை. நாக்கைக் கடித்துக்கொண்டு என்ன பயன்? அதற்குப் பிறகு யாராவது புகைப்படம் எடுக்க வந்தால் அவள் உள்ளங்கை தானாகக் கன்னத்துக்குப் போய்விடும். அந்தப் பழக்கம் முன்பே இருந்ததா, இவர் வாயால்தான் வந்ததா என்று அவருக்கு உறுதியாகச் சொல்லத் தெரியவில்லை. வீட்டில் இருந்த எல்லாப் படங்களிலும் டீச்சர் ஏதோ பல்வலிக்காரி போலக் கன்னத்தில் கைவைத்துத்தான் நின்றாள். மகளின் கல்யாணப் படத்தில்கூட அப்படித்தான்.

பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கொஞ்ச காலத்தில் டீச்சருக்கு மறதி வந்தது. முதலில் சாவி, கண்ணாடி. பிறகு தெருவின் பெயர். பிறகு ஒருநாள் அவரைப் பார்த்து, “சார், நீங்க எந்தப் பிள்ளையோட அப்பா?” என்று கேட்டாள். அவர் சமாளித்துக்கொண்டு, “ஒரு பொண்ணுக்கு அப்பாங்க. உங்ககிட்டதான் படிச்சா,” என்றார். “கணக்குல எப்படி?” என்று அவள் கேட்க, “அதெல்லாம் கெட்டி,” என்றார். அதற்குப் பிறகு குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு அழுதார்.

மருந்துக் கடையில் வேலை பார்க்கும் மகள் புருஷனோடு இதே ஊரில்தான் இருந்தாள். காலையில் அவள் வந்து அம்மாவைப் பார்த்துக்கொள்வாள், மத்தியானத்துக்கு மேல் பக்கத்து வீட்டு அம்மாள். ஒருநாள் அந்த அம்மாள் துணி காயப் போட மாடிக்குப் போன நேரத்தில் டீச்சர் கதவைத் திறந்துகொண்டு வெளியே போய்விட்டாள். என்ன உடை உடுத்தியிருந்தாள் என்றுகூட ஒருத்தருக்கும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

காவல் நிலையத்தில் படம் கேட்டார்கள். மகள் படப் பெட்டியைக் கொட்டிக் கவிழ்த்தாள். எல்லாவற்றிலும் கை.

“இதுல ஏதாவது ஒண்ணைக் குடுத்துடலாம்ப்பா.”

“பாதி மூஞ்சியை மறைச்ச படத்தை ஒட்டி யாரைத் தேடுறது? நான் வரையுறேன், தள்ளு.”

உட்கார்ந்தார். காசுக்குப் பக்கவாட்டு முகம்தான் செதுக்கிப் பழக்கம். இதை நேர்முகமாக வரைந்தார். கண் கலங்கும்போதெல்லாம் தாளில் சொட்டு விழாதபடி தலையைத் திருப்பிக்கொண்டார். நெற்றிச் சுருக்கம் ஒவ்வொன்றும் வந்தது. இடது புருவத்தில் நரைத்த முடி வந்தது. கனத்த தோடு போட்டுப் போட்டு இழுபட்டுத் தொங்கிய காது ஓட்டைகூட வந்தது. மச்சம் வரவில்லை. பென்சில் வலது கன்னத்தின் மேல் நிழல் போட்டுக்கொண்டே போனது, மூக்குக்குப் பக்கத்தில் வந்தது, வழவழவென்று தாண்டிப் போய்விட்டது. எத்தனையோ வருஷமாகத் தாண்டிய கை அது.

வரைந்து முடித்து மகளிடம் நீட்டினார். மகள் பார்த்தாள், வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பக்கத்து வீட்டு அம்மாள், “அப்படியே உயிரோட உக்காந்திருக்கிற மாதிரி இருக்கு,” என்றாள். ஒருத்தருக்கும் தோன்றவில்லையே! தினம் பார்க்கிற முகத்தில் மச்சத்தை யார் தனியாகப் பார்க்கிறார்கள்? காவல் நிலைய அதிகாரி ஒருபடி மேலே போனார். காணாமல் போனவரின் அங்க அடையாளம் என்ற இடத்தில் எழுதப் போன பேனாவை மூடிச் சட்டையில் சொருகிக்கொண்டார்.

“படமே இவ்வளவு துல்லியமா இருக்கே சார், தனியா அடையாளம் எதுக்கு? நாணயச் சாலைக்காரர் வேலைன்னா சும்மாவா?”

அந்த நேரத்திலும் நம் ஆளுக்கு அது காதில் இனித்தது. மனுஷ ஜென்மம்தானே.

படத்தை நகலெடுத்து அப்பாவும் மகளுமாக ஊரெல்லாம் ஒட்டினார்கள். பேருந்து நிலையம், ரயில் நிலையம், சந்தை, திரைப்படக் கொட்டகை, ஆற்றுப் பாலம். எல்லா மருத்துவமனைக்கும் ஏறி இறங்கினார்கள். ரயில் பாதைக்கு அந்தப் பக்கம், ஊர்க் கோடியில், ஒரு சின்ன மருத்துவமனை. அங்கேயும் போய் ஒவ்வொரு கட்டிலாகப் பார்த்தார்கள். இல்லை. தண்ணீர்க் குழாய்க்கு மேலே, எல்லாரும் வந்து போகிற இடமாகப் பார்த்து ஒரு படத்தை ஒட்டிவிட்டு வந்தார்கள். மறுபடி போகவில்லை. அவள் வந்து சேர்ந்தால் பார்த்ததும் ஆள் அனுப்பமாட்டார்களா, அதுதான் படம் இருக்கிறதே என்று நம்பினார்கள். அவர்கள் போய் வந்த மறுநாள் டீச்சர் அங்கே வந்து சேர்ந்தது அவர்களுக்கு எப்படித் தெரியும்?

நாட்கள் போயின. சோறு இறங்கவில்லை, தூக்கம் அண்டவில்லை. வாசலில் யார் செருப்புச் சத்தம் கேட்டாலும் எழுந்து ஓடினார். அவர் விடுப்பில் இருந்த அந்த நேரத்தில் நாணயச் சாலையிலிருந்து ஆள் வந்தது. புதுக் காசுக்கு வெள்ளோட்டம் அடிக்கிறார்கள், ஏதோ கோளாறாம், ஒரே ஒரு முறை வந்து பார்த்துவிட்டுப் போகச் சொன்னார்களாம். வெறும் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பதற்கு இதாவது பரவாயில்லை என்று போனார்.

இயந்திரக் கூடத்தில் காசின் தரம் பார்க்கும் அம்மாள் காத்திருந்தாள். வாய் கொஞ்சம் நீளம், மனசு தங்கம்.

“உங்களைக் கூப்பிட எனக்கு மனசே வரல சார். என்ன பண்றது, மேல இருந்து பிடுங்கி எடுக்குறாங்க. புதுக் காசுல அந்தப் பொம்பளை மூஞ்சியைப் பாருங்க, கன்னத்துல ஒரு புள்ளி. அச்சுல துருவான்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லிட்டீங்கன்னா போதும்.”

கதிர்க்கட்டு சுமந்த ஒரு பெண்ணின் தலை. அவரே செதுக்கியது. லென்ஸைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு காசை வெளிச்சத்தில் சாய்த்தார். கன்னத்தில், மூக்குக்குப் பக்கத்தில், ஒரு புள்ளி எழும்பி நின்றது.

லென்ஸ் கண்ணிலிருந்து நழுவி மேஜையில் உருண்டது.

“என்ன சார், துருதானே?”

“மச்சம் வைக்கலம்மா நான்.”

“காசுக்கு எவன் சார் மச்சம் வைப்பான்?”

“காசுக்கு இல்லம்மா. என் வீட்டுக்காரிக்கு. படத்துல அவளுக்கு மச்சம் வைக்கல. ஊர் பூரா ஒட்டியிருக்கேன், மச்சமே இல்லாம ஒட்டியிருக்கேன்!”

அந்த அம்மாளுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. அவர் அதற்குள் படியிறங்கிவிட்டார். வெயிலில் ஓடினார். அந்த வயதில் அப்படி ஓடக்கூடாது, ஓடினார். மருந்துக் கடை வாசலில் மகளைப் பார்த்ததும் தன் கன்னத்தில் விரலை வைத்துக் காட்டினார். அவள் ஒரு நொடி விழித்தாள். பிறகு அவள் முகத்தில் ரத்தமே இல்லை.

“அப்பா... அம்மா மச்சம்!”

“என் கையை வெட்டிப் போடணும்.”

“நான் மட்டும் என்ன கிழிச்சேன்? ஒவ்வொரு படமா என் கையாலதானே பசை தடவி ஒட்டினேன்? எனக்கும்தானே தெரியல,” என்றாள் மகள். கடையிலிருந்து இரண்டு கறுப்புப் பேனாக்களை எடுத்தாள். “அழுறதை அப்புறம் வச்சுக்கலாம்ப்பா. நான் சந்தைப் பக்கம் போறேன். நீங்க ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் போங்க. முடிச்சுட்டு அந்த ஆஸ்பத்திரிக்கே வந்துடுறேன், அங்க நில்லுங்க.”

இப்படியாக, நாட்டுக்கே காசு செதுக்கியவர் தெருத் தெருவாகப் போய்ச் சுவரில் புள்ளி வைத்தார். விளக்குக் கம்பத்தில் ஒன்று, டீக்கடைப் பலகையில் ஒன்று, மூடிக் கிடந்த பட்டறையின் கதவில் ஒன்று. மழையில் நைந்து கன்னம் கிழிந்துபோன படத்திலும் உத்தேசமாக ஓர் இடம் பார்த்து வைத்தார். போகிற வருகிறவர்கள் ஒருமாதிரியாகப் பார்த்தார்கள். ஒருவன், “ஏன் பெருசு, நல்லா இருக்கிற மூஞ்சியைக் கெடுக்கிற?” என்று கேட்டான். அவர் திரும்பக்கூட இல்லை. ஒவ்வொரு புள்ளி வைக்கும்போதும் அவள் கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டே வருகிற மாதிரி இருந்தது. மனசில் பாரம்கூடக் குறைந்தது. இனி யாரும் தவறவிட மாட்டார்கள், இன்றோ நாளையோ ஆள் வந்துவிடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டே போனார்.

ஊர்க்கோடி மருத்துவமனைக்கு வரும்போது வெயில் சாய்ந்திருந்தது. தண்ணீர்க் குழாய்க்கு மேலே படம் அழுக்குப் படாமல் ஒட்டியபடியே இருந்தது. கிட்டப் போய், வலது கன்னத்தில் மூக்குக்குப் பக்கத்தில் பேனா முனையை ஊன்றி, சுற்றி நிரப்பினார்.

“சுவத்துல கிறுக்காதீங்க சார்,” என்று பின்னாலிருந்து ஒரு குரல். வார்டு கூட்டித் துடைக்கும் பெண், கையில் வாளியோடு.

“கிறுக்கலம்மா. இவங்களுக்கு இங்க ஒரு மச்சம் உண்டு. விட்டுப்போச்சு.”

அவள் எட்டிப் பார்த்தாள். வாளியைக் கீழே வைத்தாள். இன்னும் கிட்டே வந்து பார்த்தாள்.

“ஐயையோ! இது டீச்சரம்மா சார்!”

அவருக்குத் தலைகால் புரியவில்லை. “பாத்திருக்கீங்களா? எங்கம்மா? எங்க இருக்கா?”

“இங்கதான் சார், கடைசிக் கட்டில்ல இருந்தாங்க. ரோட்டுல விழுந்து கிடந்தாங்கன்னு யாரோ கொண்டுவந்து விட்டாங்க. பேரு சொல்லத் தெரியல. எல்லாருக்கும் வாய்ப்பாடு மட்டும் சொல்லிக் குடுத்துட்டே இருப்பாங்க. அதான் டீச்சரம்மான்னு கூப்பிட்டோம்.”

இருந்தாங்க என்று அவள் சொன்னதை அவர் காதில் வாங்கவில்லை. கடைசிக் கட்டிலைத் தேடி வார்டை நோக்கி நடந்தார். அவள் ஓடிவந்து அவர் கையைப் பிடித்தாள்.

“உள்ள போகாதீங்க சார். முந்தாநாள் நெஞ்சுல சளி கட்டிப் போச்சு. டாக்டரம்மா எவ்வளவோ பாத்தாங்க. கஷ்டப்படல சார், தூக்கத்துலயே போயிட்டாங்க. கீழ அறையிலதான் வச்சிருக்காங்க.”

அவர் குழாயடித் திண்டில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்து அவருக்குக் கோபம் வந்தது. யார் மேலாவது வர வேண்டியிருந்தது, அவள் எதிரில் நின்றாள்.

“படம் இங்கேயேதானேம்மா இருந்துச்சு? தினமும் இதைத் தாண்டித்தானே போவீங்க? கண்ணு எங்க வச்சிருந்தீங்க?”

“அப்படிச் சொல்லாதீங்க சார். வந்த அன்னிக்கே எனக்குத் தோணுச்சு. கண்ணு, மூக்கு எல்லாம் அப்படியே. டாக்டரம்மாவைக் கூட்டிட்டு வந்து காட்டினேன். அவங்க, காது ஓட்டையைக்கூட விடாம வரைஞ்சிருக்காங்க, இவ்வளவு பெரிய மச்சத்தையா விட்டிருப்பாங்க, இது வேற யாரோன்னுட்டாங்க. அப்பவும் எனக்கு மனசு ஆறல. அவங்களையே கைத்தாங்கலா நடத்திட்டு வந்து, இதோ, இந்த இடத்துல நிக்க வச்சுக் கேட்டேன். ‘டீச்சரம்மா, நல்லாப் பாருங்க, இது நீங்களா’ன்னு.”

“என்ன சொன்னா?”

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“ரொம்ப நேரம் பாத்துட்டே இருந்தாங்க சார். அப்புறம் கன்னத்துல விரலை வச்சு, ‘நான் இல்லம்மா. எனக்கு மச்சம் இருக்கே. இவ மாசு மரு இல்லாம எவ்வளவு அழகா இருக்கா, கொடுத்து வச்சவ’ன்னாங்க. அதுக்கப்புறம் தண்ணி குடிக்க வரும்போதெல்லாம் இவங்க முன்னாடி நிப்பாங்க. ‘இன்னும் இவ கிடைக்கலையா? வீட்டுல எப்படித் தவிக்கிறாங்களோ’ன்னு என்னைக் கேப்பாங்க.”

அவர் வாய்விட்டு அழுதார். இத்தனை வருஷத்தில் குழாயைத் திறந்து விடாமல் அழுதது அதுதான் முதல் தடவை. வார்டிலிருந்தவர்கள் வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தார்கள். அந்தப் பெண் அவர் முதுகைத் தடவிக் கொடுத்தபடி நின்றாள், அவளுக்கும் அழுகை நிற்கவில்லை. கீழே போய்ப் பார்க்கிறீர்களா என்று கேட்டாள். என் மகள் வந்துவிடட்டும் என்றார்.

மகள் வேர்க்க விறுவிறுக்க வாசலில் வந்து சேர்ந்தாள். விரலெல்லாம் மை. தூரத்திலிருந்தே பேசிக்கொண்டு வந்தாள்.

“சந்தைப் பக்கம் ஒண்ணு விடாம முடிச்சுட்டேன்ப்பா. பாலத்துலயும் வச்சாச்சு. ஒரு பூக்காரம்மா பாத்துட்டு, இந்த மச்சத்தை எங்கயோ பாத்திருக்கேன்னு சொன்னாங்க, விசாரிச்சுச் சொல்றேன்னாங்க! இன்னும் ரயில் நிலையம் மட்டும்தான் பாக்கி. என் பேனா தீந்துபோச்சு, உங்களதைக் குடுங்க.”

அவர் பேனாவை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

“போதும்மா,” என்றார்.

“என்னப்பா போதும்? ரயில் நிலையத்துலதான் கூட்டமே இருக்கும். குடுங்கப்பா, இருட்டுறதுக்குள்ள வச்சுட்டு வந்துடுறேன்.”

கையை நீட்டியபடி நின்றாள்.